பூனை தோண்டிய ஆறு

அத்தியாயம் 6

"இது காப்பி இல்ல மேடம். காப்பிக்குத் தூரத்துச் சொந்தம்," என்று சொல்லிவிட்டு பிஷோய் விரல் நுனியிலிருந்த பழுப்புத் தூளை நாக்கில் வைத்தான். கண்ணை மூடி ருசி பார்த்தான். "பேரீச்சங்கொட்டைப் பொடி. நான் வேலை பாத்த காப்பிக்கடை முதலாளி ரெண்டு மாடி வீடு கட்டினதே இதைக் கலந்து வித்துத்தான்."

"நிச்சயமா?" என்றாள் ராவியா.

"என் நாக்கு பொய் சொல்லாது. வாய்தான் சொல்லும்."

எதிரே டீக்கடை பெஞ்சில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்த சமாஹ் டீச்சர் தன் டீயைத் தொடவே இல்லை. காகிதப் பொட்டலத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணனை அடக்கத்துக்கு முன்னாடி குளிப்பாட்டினவர் குடுத்தது. மூக்குல இருந்தும் வாயில இருந்தும் எடுத்தேன்னார். எத்தனையோ பேரைக் கழுவியிருக்கேன், நைல்ல முழுகினவன் வாயில இந்த மாதிரி சேறு பாத்ததில்ல, வெச்சுக்கம்மான்னார்."

பிஷோய் தன் டீயை ஒரே மடக்கில் குடித்து, டீச்சருடைய டீயையும் எடுத்துக் குடித்தான். அப்புறம் சோடா கேட்டான்.

ராவியா சிரிக்கவில்லை. இருபது வருஷம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு, ஷுப்ரா பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் போட்டிருப்பவள். அவளுக்குச் சிரிப்பு வருவது அபூர்வம், வந்தால் எதிராளிக்கு நல்லதில்லை. அவளிடம் பிஷோய்க்கு டிரைவர், உதவியாளர், அடி வாங்குகிறவன் என்று மூன்று வேலை, ஒரு சம்பளம்.

அவள் தண்ணீர் இருந்த கண்ணாடி டம்ளரில் அந்தத் தூளைக் கொஞ்சம் தூவினாள். தூள் மிதந்தது. ஸ்பூனால் அழுத்திக் கலக்கினாள். நனைந்த பிறகு, போகவா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி மெதுவாக அடியில் இறங்கியது. கடை வாசலிலிருந்து ஒரு சிட்டிகை மணல் எடுத்துப் போட்டாள். அது நேரே அடிக்குப் போய் உட்கார்ந்தது.

"காஞ்சிருந்தா மிதக்குது. நனைஞ்சா சோம்பேறித்தனமா முழுகுது," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். "லுத்ஃபி கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னார்? அதே வார்த்தைல சொல்லுங்க."

சமாஹ் பொட்டலத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"போன்ல சொன்னான். 'கஃப்ர் நவ்வார் புதுப்பாலத்து மேல உன் பிள்ளைகளை நிறுத்தாதே சமாஹ். மூணாவது தூணுக்கு அடியில இருக்கற மணல் எழுந்து நடக்கப் போகுது. மீட்டரும் இல்லாத, கிலோவும் இல்லாத ஒரு எண் அப்படிச் சொல்லுது'ன்னான். நான் அவனைத் தூங்கச் சொன்னேன். மறுநாள் காலைல அணைக்கட்டுக்குக் கீழ நாணல்ல கிடந்தான்." மூச்சு வாங்கினாள். "மூளை குழம்பி அவனாவே விழுந்துட்டான்னு எழுதி முடிச்சுட்டாங்க. அவன் போன மறுநாளே, அவன் வேலை பாத்த ஆய்வுக்கூடத்துல சின்னதாக் கட்டி வெச்சிருக்கற மாதிரி ஆத்துல பரிசோதனை நடத்தி, பாலம் பத்திரம்னு கையெழுத்தும் போட்டாச்சு. இன்னிக்கு மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் திறப்பு விழா. என் ஸ்கூல் பிள்ளைங்க நாப்பது பேர் பாலத்து நடுவுல நின்னு பாடணும். ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட என்ன காரணம் சொல்லி நிறுத்துவேன்? செத்துப் போனவன் சொன்னான்னா?"

"வேண்டாம்."

"அப்ப தொழுகைக்குள்ள சொல்லுங்க. என் அண்ணன் பைத்தியமா, இல்லையா?"

ராவியா எழுந்தாள். "நீங்க பிள்ளைகளோட போங்க. போனைக் கையிலயே வெச்சிருங்க. பிஷோய், வண்டியை எடு."

"சோடா இன்னும் வரல மேடம்."

"அதான் நல்லது. எடு."

*

லுத்ஃபி வேலை பார்த்த நீரியல் ஆய்வுக்கூடம் அணைக்கட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், மாமரங்களுக்கு நடுவே இருந்தது. வாசலில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஊழியர்கள் எல்லோரும் விழாவுக்குப் போகிற உடையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு முன்னால் நீலநிற சூட்டில் வியர்த்துக்கொண்டிருந்தவர்தான் இயக்குநர், டாக்டர் பஹ்கத். பக்கத்தில் அவர் மனைவி, இரண்டு பையன்கள். லுத்ஃபியின் இன்சூரன்ஸ் விஷயமாக வந்திருப்பதாக ராவியா சொல்லிவைத்தாள்.

"இன்சூரன்ஸா? இன்னிக்கா?" என்றார். "பாவம் லுத்ஃபி. நல்ல மனுஷன்னு சொல்றாங்க. நான் கணக்குப் பிரிவுல இருந்து மாத்தலாகி வந்து ஒரு மாசம்தான் ஆச்சு. எனக்கு மணலும் தண்ணியும் தூரம். ஹைதம்! இவங்களைப் பாத்துக்கப்பா."

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் இளைஞன் நடையோரமாக வந்தான். முகத்தில் களை இருந்தது, பேச்சில் பணிவு இருந்தது.

"இவர்தான் நம்ம பாலத்துக்கே சான்றிதழ் குடுத்த இன்ஜினியர்," என்று டாக்டர் அவன் தோளைத் தட்டினார். "மேடைல முதல் பேரே இவர் பேர்தான் கூப்பிடப் போறாங்க. பாருங்க, விருது வாங்கற அன்னிக்கா வயித்துவலி வரணும்? ஹைதம், கஷாயம் குடிச்சியா?"

"குடிச்சேன் டாக்டர். நீங்க கிளம்புங்க. பம்புகளைப் பாக்க ஒரு ஆள் வேணுமில்ல."

டாக்டர் ஒரு கால் பஸ் படியில் வைத்தவர் திரும்பினார். "அப்புறம் அந்தப் பூனையை எங்கயாவது கொண்டுபோய் விடு! ஏழு வருஷமா ஒழுங்கா இருந்ததாம், நான் வந்த நேரம் பாத்து மாதிரி ஆத்துல அசிங்கம் பண்ணிட்டு இருக்கு. அதுவும் கவர்னர் வந்து பாக்கற பாலத்துக்கு அடியிலயே!"

"விமர்சனமா இருக்கும் டாக்டர்," என்றான் பிஷோய்.

டாக்டர் கேட்டுக்கொள்ளாமல் ஏறிவிட்டார். பஸ் போனதும் அந்த இடம் திடீரென்று வெறிச்சோடிப் போனது. அணைக்கட்டுப் பக்கமிருந்து தண்ணீர் இரைவது மட்டும் கேட்டது. பிஷோய்க்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. நீச்சல் தெரியாதவனுக்குத் தண்ணீர் எங்கே இரைந்தாலும் தன் பேரைச் சொல்வது போலத்தான் கேட்கும்.

*

மாதிரி ஆறு ஒரு பெரிய கூடத்துக்குள் இருந்தது. ரயில்வே குடோன் அளவுக் கூரை, மேலே வரிசையாக மங்கலான கண்ணாடிகள். தரையில் சிமென்ட் தொட்டி நீளமாக வளைந்து போனது. நைலின் இந்தக் கிளைதான், ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடந்தது. கரைகள், திருப்பங்கள், ஒரு தீவு, அதன் மேல் பிளாஸ்டிக் பனை மரம். நடுவே கஃப்ர் நவ்வார் பாலம், மரத்தில் செய்தது, ஐந்து தூண்களோடு. ஆற்றில் தண்ணீர் இல்லை. பழுப்பு மணல் காய்ந்து கிடந்தது.

மூன்றாவது தூணின் அடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை, உலகத்தைப் பற்றிய கவலையே இல்லாமல் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேரு வஸீர், அதாவது அமைச்சர்," என்றான் ஹைதம். "எந்தக் கூட்டம் நடந்தாலும் தூங்கிடும்."

"அப்ப முழு அமைச்சர்தான்," என்றான் பிஷோய்.

ஹைதம் சிரித்தபடி அவர்களை ஓரத்திலிருந்த தன் அறைக்குக் கூட்டிப் போனான். மேஜையில் செய்தித்தாளில் தாமிய்யா வடைகளும் ரொட்டியும், ஒரு ஜாடியில் பச்சை மிளகாய் ஊறுகாயும் இருந்தன. "சாப்பிடுங்க. ஊறுகாய் அம்மா கைப்பக்குவம். கஃப்ர் நவ்வார்ல இருந்து குடுத்து விடுவாங்க."

பிஷோய் ஒரு மிளகாயைக் கடித்தான். காதிலிருந்து புகை வரும் போலிருந்தது. ஹைதம் இரண்டை வடையோடு சுருட்டி அனாயாசமாக விழுங்கினான்.

"அப்ப உங்க அம்மா இன்னிக்குப் பாலத்துக்குப் போவாங்க. மகன் பேரைக் கூப்பிடறாங்களே," என்றாள் ராவியா.

"இல்லல்ல. வெளிய வரவே கூடாதுன்னு சொல்லிட்டேன். கூட்டம், வெயில். வயசானவங்க."

"பேரு?"

"ஹஜ்ஜுக்குப் போய் வந்தவங்க, ஹாஜ்ஜா ஸகிய்யா. ஏன்?"

"ஊறுகாய்க்கு நன்றி சொல்லத்தான்." ராவியா கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கட்டைவிரலால் என்னவோ தட்ட ஆரம்பித்தாள். பேசுகிறவன் வாயைக் கிளற வேண்டும் என்றால் போனில் சீட்டு விளையாடுகிற மாதிரி உட்கார்ந்துவிடுவது அவள் வழக்கம். "லுத்ஃபி ஏதோ ஒரு எண்ணைப் பத்திப் புலம்பிட்டே இருந்தாராமே? மீட்டர் இல்லாத, கிலோ இல்லாத எண்?"

ஹைதமின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தெரிந்த பாடத்தில் கேள்வி வந்த மாணவனுக்கு வருகிற வெளிச்சம்.

"புலம்பல் இல்ல மேடம், அது உண்மைதான். அது ஒரு விகிதம். தண்ணி மணலை எவ்வளவு தள்ளுது, மணல் எவ்வளவு கனமா உட்கார்ந்திருக்கு, முதலாவதை ரெண்டாவதால வகுத்தா ஒரு எண் வரும். மேல இருக்கற அலகும் கீழ இருக்கற அலகும், மீட்டர், கிலோ எல்லாம், அடிபட்டுப் போயிடும், வெறும் எண் நிக்கும். அது ஒரு எல்லையைத் தாண்டினா மணல் எழுந்து நடக்கும், தாண்டலன்னா உட்கார்ந்திருக்கும். அலகே இல்லாததாலதான் சின்ன ஆத்துக்கும் பெரிய ஆத்துக்கும் அது பொது. ரெண்டுலயும் அந்த எண் ஒண்ணா இருந்தா, ரெண்டு ஆறும் ஒரே மாதிரி நடந்துக்கும்."

"புரிஞ்சுபோச்சு," என்றான் பிஷோய். "மாமியாரோட தள்ளு ஒரு பக்கம், மருமகளோட பிடிவாதம் ஒரு பக்கம். ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா எந்த எண்ணுல சண்டை வெடிக்குமோ, அது குடிசைக்கும் மாளிகைக்கும் ஒண்ணுதான்."

"ஏறக்குறைய அதேதான்," என்று ஹைதம் வாய்விட்டுச் சிரித்தான்.

"உங்க பரிசோதனைல சண்டை வரல," என்றாள் ராவியா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒரு மணல் கூட அசையல. குழுவே பாத்துச்சு."

"ஆத்தை எப்பவும் இப்படிக் காய வெச்சுத்தான் வெச்சிருப்பீங்களா?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் தண்ணியை வடிச்சுடுவோம். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

ராவியா போனைக் கைப்பையில் வைத்தாள். மேடத்தின் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது.

"பிஷோய், உன் மூக்கும் நாக்கு மாதிரிதானா?"

"மூக்கு நல்ல குடும்பத்துப் பிள்ளை மேடம்."

"அப்ப இந்தக் கூடத்தைச் சுத்தி ஒரு நடை நட. காப்பிக்குத் தூரத்துச் சொந்தம் யாராவது இருக்காங்களான்னு பாரு."

ஹைதம் எழுந்தான். எழுந்தவன் உட்காரவில்லை.

*

பிஷோய் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. பம்பு அறைக்குப் பின்னால் வரிசையாக நீல டிரம்கள். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஊறிப் புளித்த நெடி, கீழே சாரை சாரையாக எறும்பு. மூடியைத் திறந்தான். தண்ணீருக்கு அடியில், கழுத்து வரை, பழுப்புத் தூள். தூள் மிதந்துவிடாமல் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். இவ்வளவையும் ஒரே நாளில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் ஹைதம் இப்படி வைத்திருக்கிறான்.

அப்போது அணைக்கட்டிலிருந்து சங்கு ஊதியது. நீண்டு, இழுத்து, மாமரத்துக் காக்கைகளைக் கிளப்பிவிட்டு ஓய்ந்தது. மதகு திறக்கப் போகிறார்கள் என்று கரையோரத்து ஜனங்களுக்கு எச்சரிக்கை. விழாவில் பாலத்தடியில் வற்றிப் போன ஆறு இருந்தால் படம் நன்றாக வராது, ஆறு நிரம்பி ஓட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். பேப்பரிலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தான். ராவியா மாதிரி ஆற்றங்கரையில் நின்றிருந்தாள். ஹைதம் எதிர்க்கரையில். அவன் கையில் மதகு திருகுகிற இரும்புத் தடி இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை.

"கொட்டு," என்றாள் ராவியா. "மூணாவது தூணைச் சுத்தி மணலை வாரி எடுத்துட்டு இதைக் கொட்டு. அமைச்சரைக் கொஞ்சம் நகரச் சொல்லு."

பூனை அதிருப்தியோடு எழுந்து போனது. பிஷோய் மணலை வாரிவிட்டுப் பொடியைக் கொட்டினான்.

"அந்தப் பூனைதான் சொல்லுச்சு," என்று ராவியா ஹைதமிடம் பேச ஆரம்பித்தாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில். "ஏழு வருஷமா இங்க இருக்கற பூனை, இந்த மாசம்தான் இந்த ஆத்துல குழி தோண்டக் கத்துக்கிச்சாம். எப்பவும் காய வெப்போம்னீங்க. காஞ்ச மணல் பக்கத்துலயே கிடக்க, எந்தப் பூனை ஏழு வருஷம் சும்மா இருக்கும்? அதுவரைக்கும் இது காஞ்சதே இல்ல. ஏன்னா அப்ப இதுல மணலே இல்ல. பேரீச்சங்கொட்டைப் பொடி. அதைக் காய விட்டா மறுபடி தண்ணி விடும்போது மிதந்துடும். இன்னிக்கு டீக்கடைல ஒரு டம்ளர்ல பாத்தேன். எப்பவும் தண்ணிக்குள்ளயே வெச்சிருக்கணும்."

ஹைதம் தடியைத் தொட்டி விளிம்பில் ஊன்றினான்.

"நீங்களே பாடம் நடத்தினீங்க. வீட்டை ஐம்பதுல ஒரு பங்காச் சுருக்கினா மாமியாரோட தள்ளும் சுருங்கிடும். மருமகளை மட்டும் அதே கனத்துல உட்கார வெச்சா சண்டை எப்படி வரும்? அதனால லுத்ஃபி லேசான மருமகளைத் தேடிப் பிடிச்சார். அப்பத்தான் ரெண்டு ஆத்துலயும் அந்த எண் ஒண்ணாகும். அவர் ஆத்துல சண்டை வந்துச்சு. உங்க ஆத்துல வரல, வரவும் வராது. நீங்க பரிசோதிச்சது பாலத்தை இல்ல. மணல் கனமா இருக்கான்னு பாத்தீங்க. கனமாத்தான் இருக்கு. பிஷோய், பம்பைப் போடு."

பம்பு உறுமியது. தண்ணீர் ஒரு நாக்கு மாதிரி நீண்டு வந்து, தீவைச் சுற்றி, பாலத்தடியில் நுழைந்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மூன்றாவது தூணின் முன்பக்கம் தூள் எழுந்தது. சுழன்றது. ஒரு பிடி போனது, அப்புறம் ஒரு கை அள்ளு போனது. தூணின் காலடியில் குழி விழுந்து கண் முன்னால் ஆழமாகிக்கொண்டே போனது. மற்ற தூண்களைச் சுற்றியிருந்த மணல் அப்படியே கிடந்தது.

பிஷோய் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாண் தண்ணீர்தான். அதற்குள் எவ்வளவு அவசரம்.

மரத்தூண் முனகாமல் சாய்ந்தது. அதன் மேலிருந்த பாலத்துண்டு ஒரு பக்கமாக இறங்கி நின்றது.

"கத்தார்ல வேலைன்னாங்க," என்றான் ஹைதம். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "கான்ட்ராக்டரோட ஆள். பத்திரம்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். லுத்ஃபி சார் ஒத்துக்கல. இங்க, இந்த இடத்துலதான் சண்டை. தள்ளினேன். தலை விளிம்புல பட்டுச்சு. குப்புற விழுந்தார்."

"எவ்வளவு தண்ணி?"

"இதே அளவு." அவன் பார்வை தண்ணீரை விட்டு அகலவில்லை. "நான் அழுத்தல மேடம். சத்தியமா அழுத்தல. தூக்கல. அவ்வளவுதான்."

அதைவிடப் பயங்கரமான ஒரு வாக்கியத்தை பிஷோய் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. ஒரு கை கொடுத்திருந்தால் எழுந்திருப்பான் அந்த மனுஷன்.

ஹைதம் நிமிர்ந்தான். இரும்புத் தடியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு தொட்டியின் குறுக்குப் பலகை மேல் கால் வைத்தான். வாசல் அவன் பக்கம் இருந்தது.

"எல்லாரும் பஸ்ல போயாச்சு. நீங்க ரெண்டு பேரும் திரும்பிப் போகலன்னு யாருக்குத் தெரியும்?"

பிஷோய் டிரம் மூடியைக் கேடயமாகப் பிடித்தான்.

"உங்க அம்மாவுக்குத் தெரியும்," என்றாள் ராவியா.

ஹைதமின் கால் பலகையிலேயே நின்றது.

"வயித்துவலிக்காரர் மிளகாய் ஊறுகாய் சாப்பிட்டதைப் பாத்தேன். டாக்டர் பெண்டாட்டி பிள்ளைகளோட பாலத்துக்குப் போனதையும் பாத்தேன். தெரியாதவர் போறார், தெரிஞ்சவர் போகல. அம்மாவையும் போக விடல. அதனால சமாஹ் டீச்சருக்குத் தகவல் அனுப்பினேன், ஹாஜ்ஜா ஸகிய்யா வீட்டுல இருக்காங்களான்னு பாக்கச் சொல்லி." கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். திரையை அவன் பக்கம் திருப்பினாள். "இப்பத்தான் பதில் வந்துச்சு."

சீட்டாட்டமில்லையா அது, என்று நினைத்தான் பிஷோய். அடுத்த நொடி, பொய்தான் சொல்கிறாள், இது அவளுடைய கைவரிசைதான் என்று தேற்றிக்கொண்டான். ராவியா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள்.

மேளம். தம்பட்டம். குழந்தைகளின் கூச்சல். அதற்கு நடுவில் சமாஹின் குரல், "இந்தாங்க ஹாஜ்ஜா, உங்க பையன்." அப்புறம் காற்றோடு ஒரு கிழவியின் குரல் கணீரென்று வந்தது.

"ஹைதம்! வயிறு எப்படிடா இருக்கு கண்ணு? நீ திட்டுவேன்னு சொல்லாமலே வந்துட்டேன். என் பிள்ளை பேரைக் கூப்பிடறப்ப நான் வீட்டுல உட்கார்ந்து வெங்காயம் உரிக்கணுமா? நல்ல இடம் குடுத்திருக்காங்கடா, நட்டநடுவுல. கீழ தண்ணி ஏறுறது தெரியுது. உன் பேரை இன்னும் கூப்பிடல."

தடி சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது.

"அம்மா, இறங்கு."

"என்னடா?"

"இறங்கும்மா! பாலத்தை விட்டு இறங்கு!"

"போடா. உன் பேரைக் கேக்காம நகர மாட்டேன். இத்தனை வருஷம் பூண்டு விக்கறவ மகன்னு கூப்பிட்டாங்க. இன்னிக்கு ஒரு தடவை மைக்குல கேட்டுட்டு வரேன்." போன் கை மாறியது. சமாஹ் மூச்சிரைக்கப் பேசினாள். "மேடம், நான் கத்திப் பாத்துட்டேன். போலீஸ் சிரிக்கறாங்க, அண்ணன் செத்ததுல இவளுக்கும் மூளை கலங்கிடுச்சுன்னு. ஹெட்மிஸ்ட்ரஸ் பிள்ளைகளை நகர விட மாட்டேங்கறா. மதகு திறந்தாச்சு. என்ன செய்யட்டும்?"

மதகைத் திறக்கிறபோது ஊதுகிற இரண்டாவது சங்கு ஊதி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பிஷோய்க்குத் தெரியவில்லை. பம்புச் சத்தத்தில் கேட்கவே இல்லை.

ராவியா பலகை மேல் ஏறி, ஹைதம் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. டீச்சர் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. கையெழுத்துப் போட்டவன் சொல்லணும். டாக்டர்கிட்ட குடுக்கச் சொல்றேன். எல்லாத்தையும் சொல்லுங்க. அரைகுறையாச் சொன்னா அவர் யோசிப்பார். யோசிக்க நேரமில்ல."

பிஷோய் போய்ப் பம்பை நிறுத்தினான். அந்த அமைதியில் டாக்டர் பஹ்கத்தின் குரல் சந்தோஷமாக வந்தது. "ஹைதம்! கஷாயம் கேட்டுச்சா?"

ஹைதம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். லுத்ஃபியின் தலை பட்ட விளிம்பாக இருக்கலாம்.

"டாக்டர், பரிசோதனை பொய். பொடியை எடுத்துட்டு மணலைப் போட்டேன். மூணாவது தூண் நிக்காது. எல்லாரையும் இறக்குங்க."

"என்ன விளையாட்டு இது?"

"லுத்ஃபி சார் தானா விழல. நான் தள்ளினேன். இதுக்காகத்தான் தள்ளினேன். உங்க பையன்களைத் தூக்கிட்டு ஓடுங்க டாக்டர்!"

பிறகு மைக்கில் என்னவோ தடுக்கி விழுகிற சத்தம், டாக்டரின் குரல் ஒலிபெருக்கியில் உடைந்து பரவியது. மணலும் தண்ணீரும் தனக்குத் தூரம் என்ற கணக்குப் பிரிவுக்காரர், யோசிக்காமல் கத்தினார். மேளம் நின்றது. ஓடுகிற கால்கள், அழுகிற பிள்ளைகள், சமாஹ் ஒவ்வொரு பிள்ளையின் பேராகக் கூப்பிட்டு விரட்டுகிற குரல். பிஷோய் சிலுவை போட்டுக்கொண்டான். ராவியாவின் உதடுகளும் எதையோ ஓதின.

"கிழவி நகர மாட்டேங்கறாங்க!" என்று சமாஹ் அலறினாள். "நாற்காலியைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க!"

"பேரைக் கூப்பிடச் சொல்லுங்க," என்றான் ஹைதம். "என் பேரை மைக்குல கூப்பிடச் சொல்லுங்க. அப்பத்தான் எழுந்திருப்பாங்க."

ஒலிபெருக்கி கரகரத்தது. "இன்ஜினியர் ஹைதம்! இன்ஜினியர் ஹைதமோட தாயார்! இந்தப் பக்கம் வாங்க ஹாஜ்ஜா, கரைக்கு வாங்க!"

அதற்கப்புறம் வெகுநேரம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. மூவரும் அந்தச் சின்னப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் என்னவோ ஒன்று, கனமாக, அவசரமில்லாமல் உட்கார்ந்தது. ஒரு ஊரே ஒரே குரலில் கத்தியது.

"சமாஹ்!" என்றாள் ராவியா. "சமாஹ், இருக்கீங்களா?"

"இருக்கேன்." அழுகை. "நாப்பது பேரும் இருக்காங்க. எண்ணிட்டேன். மறுபடி எண்ணறேன். அண்ணன் பைத்தியமில்ல மேடம். என் அண்ணன் பைத்தியமில்ல."

போனை யாரோ அவள் கையிலிருந்து வாங்கினார்கள். கிழவிக்கு மூச்சு வாங்கியது. ஆனால் குரலில் சந்தோஷம் இன்னும் முழுதாக வடியவில்லை.

"ஹைதம், உன் பேரைக் கூப்பிட்டாங்கடா. ஊரே கேட்டுச்சு. நான் கரைக்கு வந்துட்டேன், பின்னாடியே பாலம் இறங்கிடுச்சு." நிறுத்தினாள். பக்கத்தில் யாரோ அவளிடம் என்னவோ சொல்வது மெலிதாகக் கேட்டது. அப்புறம் அவள் பேசியபோது அந்தக் குரலில் ஒன்றும் மிச்சமில்லை. "இங்க என்னென்னவோ சொல்றாங்க. நீ சொல்லு. நீ என்னடா பண்ணின?"

ஹைதம் போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். ராவியா போனை வாங்கி அணைக்கவில்லை. வெளியே வண்டிக்குப் போய் போலீஸைக் கூப்பிடும்படி பிஷோய்க்குக் கண் காட்டினாள்.

பிஷோய் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தான். தண்ணீர் வடிந்த ஆற்றில் வஸீர் இறங்கி, சாய்ந்து கிடந்த மூன்றாவது தூணை முகர்ந்து பார்த்துவிட்டு, ஈரம் பிடிக்காமல் காலை உதறிக்கொண்டு கரையேறியது.